டிரிப்பர் விழுந்த வீடு

மெயின் போர்டில் இருக்கும் அந்த விசைக்கு எங்கள் பக்கம் டிரிப்பர் என்று பெயர். வீட்டில் எங்காவது கரண்ட் கசிந்தால் டக்கென்று விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். உயிரைக் காப்பாற்றுகிற சாமான் என்று கடைக்காரன் சொன்னதை நம்பி, வண்டியூரில் வீடு கட்டும்போது என் மாமனார் கண்ணுச்சாமி அதை வாங்கி மாட்டினார். அவர் செத்த அன்றைக்கு அவருக்கே அது செய்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

விடிகிற நேரத்தில் மூச்சுவாங்குகிறது என்று உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள். காலையிலேயே வாடகைக்கு ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. மாமாவை அதில் படுக்க வைத்துவிட்டு, மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகன் சிவபாண்டிக்குப் போன் போட்டேன். அவன் கத்தி அழுதான்.

"மச்சான், அம்மா போனப்ப லீவு குடுக்கல. மொகத்தப் பாக்காமலே போச்சு. அப்பா மொகத்தையாவது எனக்கு வச்சிருங்க மச்சான். நாளைக்குக் காலைல வந்து நிப்பேன்."

"நீ வா மாப்ள. நான் இருக்கேன்ல? நீ வாராம எவனும் தூக்கமாட்டான்" என்றேன். எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் நீளம்.

அவன் இன்னொன்றும் கேட்டான். "அம்மா படத்துக்கு எம்பேர்ல ஒரு மாலை போட்டுருங்க. நல்ல மல்லியா. நான் வாரப்ப வாடாம இருக்கணும்."

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பிக் கட்டியான மாலை ஒன்று வாங்கி, முன் ரூம் சுவரில் இருந்த அத்தை படத்துக்குப் போட்டேன். படத்துக்குக் கீழேயே ஒரு பிளக் போர்டு. அதில் சொருகிய சின்ன பல்பு ஒன்று, அத்தை போன நாளிலிருந்து படத்துக்கு முன்னால் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மாலை வாடக்கூடாதே என்று மாமாவின் தங்கை முனியாயி, அழுகைக்கு நடுவிலும் எழுந்து எழுந்து வந்து அதற்குத் தண்ணீர் தெளித்தாள்.

வெயில் ஏறிய நேரத்தில் முதல் தடவையாக டிரிப்பர் விழுந்தது. ஃபேன் நின்றது, பெட்டி நின்றது. தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடி டக். எழவு வீடு என்றுகூடப் பார்க்காமல் அந்த விசையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வயர்மேன், தன் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தான். சரி, நமக்குத் தெரியாததா என்று நானே இறங்கினேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். வாஷிங் மெஷின், மிக்ஸி, தண்ணி மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். அத்தை படத்து பல்பில் கை வைக்கப் போனபோது என் மனைவி தமிழ்வாணி தடுத்தாள்.

"அத மட்டும் அணைக்காதீங்க. அம்மாவுக்குப் போட்ட வெளக்கு. இன்னைக்குப் போய் அணைக்கவா?"

அதுவும் சரிதான், இத்துனூண்டு பல்பு என்ன செய்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரிப்பரைத் தூக்கினேன். நின்றது. பெட்டியைச் சொருகினேன். முனியாயி எழுந்து வந்து மாலைக்குத் தெளித்துவிட்டுப் போனாள். விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டு, அது விழுவதற்குள் பெட்டியின் இரும்பு விளிம்பில் டெஸ்டரை வைத்தேன். உள்ளே மினுக்கென்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

"பெட்டிதான். பாடில கரண்டு பாயுது. யாரும் தொடாதீங்க!"

பெட்டியில் தலையை முட்டி அழுதுகொண்டிருந்தவர்கள் அலறி விலகினார்கள். ஊரில் எங்கோ பெட்டியைத் தொட்டு ஷாக் அடித்த கதைகள் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வரத் தொடங்கின. பெட்டிக்காரனுக்குப் போன் போட்டு அவனையும் ஒரு பிடி பிடித்தேன்.

"அண்ணே, நேத்துக்கூட பசுமலைல ஒரு வீட்ல ஓடுன பெட்டிண்ணே. ஒங்க வீட்டு லைனப் பாருங்க."

"எங்க வீட்டு லைன் எனக்குத் தெரியாதா? வேற பெட்டி அனுப்புய்யா!"

"இந்த வெயிலுக்கு எல்லாப் பெட்டியும் வெளிய இருக்குண்ணே."

பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்கலாம் என்று போய்க் கேட்டேன். ஷாக் அடிக்கிற பெட்டிக்குத் தங்கள் வீட்டுக் கரண்டைத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஷாக் அடிக்கிறது என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தியது நான்தானே, அவர்களை எப்படிக் குறை சொல்வது? ஐஸ் பாளம் வாங்கி வந்து மாமாவைச் சுற்றி அடுக்கினோம். அடுக்க அடுக்கக் கரைந்து முன் ரூம் முழுக்கத் தண்ணீராக ஓடியது.

பிற்பகலில் மாமாவின் அண்ணன் மொக்கையன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, மொகம் மாறுது. இதுக்கு மேல வச்சா, பெத்த மகனே பாக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம்."

"அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் பெரியமாமா."

"இந்த மொகத்தக் காட்டவா வாக்குக் குடுத்த?"

சிவபாண்டிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், அணைத்து வைத்திருப்பதாகவே சொன்னது. அவன் பிளேன் மாறி மாறி ஆகாயத்தில் வந்துகொண்டிருந்தான். வாணி வந்திருந்த ஆட்களைப் பிடித்து, பெரியப்பா காலையும் பிடித்துப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. நான் உயிரோடு நின்று பார்த்தேன் என்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் சிவபாண்டி ஆட்டோவில் வந்து இறங்கினான். பந்தலைப் பார்த்தான், முன் ரூமைப் பார்த்தான். கழுவிவிட்ட தரை காய்ந்து கிடந்தது.

"எங்க மச்சான்?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அப்பா கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்து தரையைத் தடவினான்.

"ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி அந்தப் பெட்டிய ஓட வைக்க முடியலையா? இம்புட்டுப் பேரு இருந்தீங்களே மச்சான்."

வாணி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து அவன் தலையைத் தூக்கியபோதுதான் அம்மா படத்தையும் மாலையையும் பார்த்தான். நேற்றுச் சாயங்காலத்தோடு தண்ணீர் தெளிப்பதை நிறுத்தியிருந்ததால் மல்லி துவண்டு கிடந்தது.

"இது எம்பேர்ல போட்டதாக்கா?"

"ஆமாடா. ஒம்பேர்லதான்."

"இதாவது செஞ்சீகளே" என்றான். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். தெளிக்கவில்லை, அப்படியே மாலை மேல் ஊற்றினான். தண்ணீர் மாலை வழியாக இறங்கி, நுனிக் குஞ்சத்தில் சேர்ந்து, கீழே இருந்த பிளக் போர்டுக்குள் சொட்டியது.

டக்.

ஃபேன் நின்றது. படத்து பல்பும் அணைந்தது.

பெட்டி போய் ஒரு ராத்திரி ஆகிவிட்டது. பசுமலையில் ஓடிய பெட்டிதான், டெஸ்டர் மினுக்கியது எந்த இரும்புச் சாமானிலும் வருகிற சின்னக் கசிவு, அதில் ஒரு குறையும் இல்லை. அவன் பேரில் போட்ட மாலை, அவன் வந்து பார்க்க வாடாமல் இருக்க வேண்டும் என்று தெளித்த தண்ணீர், அதுதான் அவன் அப்பாவை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. வாணியைப் பார்த்தேன். அவள் பிளக் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"இப்ப என்ன மச்சான்? பெட்டிதான் போயிருச்சே?" என்றான் சிவபாண்டி.

"தெருவுல கரண்டு போயிருக்கும் மாப்ள."

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மெயின் போர்டுக்குப் போகும் சாக்கில் படத்து பல்பின் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டிரிப்பரைத் தூக்கினேன். ஃபேன் சுற்றியது.

"அம்மா வெளக்கு எரியல பாருங்க."

"பல்பு பீஸ் போயிருச்சு போல."

"நான் போய் வாங்கிட்டு வாரேன். அப்பாவுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியல" என்று செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினான்.

அவன் தலை மறைந்ததும் வாணி என் கையைப் பிடித்தாள். "அவன்கிட்ட சொல்லிராதீங்க. சொன்னா செத்துருவான்."

"சொல்லமாட்டேன்."

"அந்த மாலையக் கழட்டுங்க. அவன் வாரதுக்குள்ள."

"கழட்டுனா ஏன்னு கேப்பானே?"

துண்டை எடுத்துப் பிளக் போர்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மேலிருந்து சொட்டியது. நல்ல கட்டியான மாலை, நிறையத் தண்ணீர் பிடித்திருந்தது. தெரு முனையிலிருந்து சிவபாண்டி பல்போடு ஓடி வருவது ஜன்னலில் தெரிந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.