டப்பாவில் என் தங்கையின் நிறம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன வாரம் ஒரு மேக்கப் அறையில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அது நன்றாகவே இறங்குகிறது. எழுத்துதான் வர மறுக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கறுப்பாக இருந்தாலும் அவள் களையான—’

அடித்துவிட்டேன். இரண்டாவது சொல்லிலேயே என் புத்தியைக் காட்டிவிட்டேன், பாருங்கள்.

பிறகு: ‘கோடிகளைக் கொட்டி எடுக்கும் படங்களில் நிறம் என்பது—’

இது கட்டுரை. இதையும் அடித்துவிட்டேன்.

2

நான் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறவன். இப்போது எழுதும் படம் பெரிய பட்ஜெட். கல்குவாரியில் கல் உடைக்கும் ஒரு பெண், அதன் முதலாளியை எதிர்த்து நிற்கிற கதை.

என் தங்கை பதினோரு வருடமாக மேடையில் நடிக்கிறாள். வயிற்றுப்பாட்டுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சினிமாவில் அவளுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் அடியாளின் மனைவி, ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவள், தீ வைக்கும் கும்பலில் மூன்றாவது ஆள். கூட்டம் என்றால் எங்கள் நிறத்தைத் தேடி வருவார்கள்.

ஒருநாள் இணை இயக்குநர் கேட்டார். “சார், கதாநாயகி கலருக்குக் கரெக்டா ஒரு பொண்ணு வேணும். உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?”

தங்கையின் நம்பரைக் கொடுத்தேன். (அண்ணன் வாங்கிக் கொடுத்த வேடம் என்று அவள் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள் என்றும் நினைத்துக்கொண்டேன்.)

மூன்று தடவை அழைத்தார்கள். மூன்று தடவையும் கடைக்கு லீவு போட்டாள். வெயிலில் நிற்க வைத்தும் ட்யூப் லைட்டுக்குக் கீழே நிற்க வைத்தும் படம் எடுத்தார்கள். மேக்கப்காரர் அவள் முன்கையில் பட்டை பட்டையாகப் பூசி, நிறம் ஒத்துவரும்வரை கலந்துகொண்டே இருந்தாராம். அங்கிருந்தே எனக்கு போன் செய்தாள்.

“அண்ணா, டப்பா மேல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? கதாநாயகின்னு! பூசினா எது கை, எது மேக்கப்புன்னே தெரியல.”

“வசனம் ஏதாவது பேசச் சொன்னாங்களா?”

“இன்னும் இல்ல. நீ எழுதினதுதானே, நான் வீட்டுலயே பேசிப் பாத்துட்டேன்.”

அந்த நிறத்திலேயே இருக்கிறவளுக்கு அந்த நிறத்தை எதற்குக் கலக்க வேண்டும்? இந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு மூளையையும் சேர்த்து மறைத்தது.

3

மாற்றிய வசனத்தைக் கொடுக்க மேக்கப் அறைக்குப் போனேன். நாற்காலியில் ஒரு நடிகை உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரம். நீண்ட கழுத்து, இடது புருவத்தில் சின்னத் தழும்பு, சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி. முகம் முழுக்கப் பூசி முடித்திருந்தார்கள். ஒரு காது மட்டும் பாக்கி, அது வெளேரென்று இருந்தது. மற்றதெல்லாம் எங்கள் வீட்டு நிறம்.

பக்கத்தில் ‘கதாநாயகி’ என்று எழுதிய அந்த பிளாஸ்டிக் டப்பா பாதி காலியாக இருந்தது.

“கொஞ்சம் பக்கத்துல வாம்மா” என்று மேக்கப்காரர் கூப்பிட்டார். வந்தது என் தங்கை. கையை நீட்டி நடிகையின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. என்னைப் பார்த்தாள். கையை இறக்கவில்லை.

“கை... வலிக்கும். உக்காருங்க” என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார் நடிகை. (அவரை வில்லியாக்கி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். கெட்டவர் இல்லை, என்ன செய்வது?)

நேராகத் தயாரிப்பாளரிடம் போனேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

“உங்க தங்கச்சி நல்லா நடிப்பாங்க, யாரு இல்லன்னா? ஆனா அந்த மூஞ்சிய நம்பி யாரு சார் இவ்வளவு பணம் போடுவா? படமே அவங்கள மாதிரி ஜனங்களுக்காகத்தானே எடுக்கறோம்! ஒண்ணு பண்ணலாம். கதாநாயகிக்கு நம்ம பாஷை வராது. குரல உங்க தங்கச்சியே குடுக்கட்டும். கல் உடைக்கிற கை, கால் க்ளோசப்பும் அவங்களே பண்ணட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லுங்க.”

“சரி சார்” என்றேன். ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவனுக்கு அங்கே வந்த வசனம் அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

4

முடிவுகள்.

அ) தங்கை மறுக்கிறாள். மறுநாள் கண்ணாடிக் கடையைத் திறக்கிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். (மதியத்துக்குள் அவர்கள் வேறொரு கையைப் பிடித்துவிடுவார்கள்.)

ஆ) ஒப்புக்கொள்கிறாள். திரையில் கல் உடைக்கும் கை அவளுடையது, முதலாளியைக் கேள்வி கேட்கும் குரலும் அவளுடையது. கடைக்கு வருகிறவர்கள் அவளிடமே அந்தப் படத்தைப் புகழ்கிறார்கள். அவள்—

இதை என்னால் எழுத முடியவில்லை.

இ) நான் படத்தை விட்டு விலகுகிறேன். (சிரிக்காதீர்கள்.)

5

இன்று வியாழக்கிழமை. தங்கை வந்தாள். இதுவரை எழுதியதை வாங்கி நின்றபடியே படித்தாள்.

“நாளைக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?”

“மூணு வெச்சிருக்கேன்.”

“தாராள மனசுதான்.” தாளைத் திருப்பினாள். “அவங்களுக்குப் புருவத்துல தழும்பு, கன்னத்துல குழி எல்லாம் எழுதியிருக்க. எனக்கு எங்க?”

வாங்கிப் பார்த்தேன். அவள் கை இருந்தது, குரல் இருந்தது. நிறம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. முகம் ஒரு வரியில்கூட இல்லை. அந்தத் தயாரிப்பாளரைப் போன வாரத்திலிருந்து திட்டித் தீர்த்தவன் நான்.

“உக்காரு. இப்பவே எழுதறேன்.”

எதிரில் உட்கார்ந்தாள்.

‘என் தங்கையின் கண்கள்—’

‘அவள் நெற்றி, நல்ல மாநிற—’

‘கறுத்த உதடு—’

“பரவால்ல, மெதுவா எழுது” என்றாள். “நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு.”

முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நழுவலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என் பேனா நின்றுவிட்டது. அதனால் உங்களைக் கேட்கிறேன். இவ்வளவு நேரம் படித்தீர்களே, என் தங்கைக்கு நீங்கள் யாருடைய முகத்தை வைத்துப் படித்தீர்கள்?