மூடாத பெட்டிகள்

மருந்தடித்து இருபத்துமூன்று மணி நேரம் கழித்துத்தான் நான் பெட்டிகளைப் பார்த்தேன். பத்தில் ஒன்பது போய்விட்டன. ஒவ்வொரு பெட்டி வாசலிலும் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் நாக்கு வெளியே நீண்டிருந்தது. விஷம்தான் என்று சொல்ல, விலங்கியல் படித்தவளுக்கு வேறு அடையாளம் தேவையில்லை. சில மட்டும் மல்லாந்தபடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

பெட்டிகளை வைத்திருந்தது குருவிகுளத்துக்குப் பக்கத்தில், பெருமாள்சாமி மாமாவின் சூரியகாந்திக் காட்டில். சொந்த மாமா இல்லை, கூப்பிடுகிற முறைதான். எங்களுக்குள் ஒரே ஏற்பாடு: மருந்தடிப்பதென்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். இருட்டி எல்லாம் உள்ளே அடைந்ததும் நான் போய் வாசலை வலையால் மூடி, மேலே ஈரச் சாக்கைப் போட்டுவிடுவேன். மறுநாள் பகலில் ஒன்றுகூட வெளியே வராது. கல்யாணமாகாத பெண்ணுக்குப் போன் போடுவது அவருக்குக் கூச்சம். அம்மாவுக்குத்தான் போடுவார். இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

இந்த முறை தகவல் வரவில்லை. மருந்தடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். நான் வீட்டைவிட்டு நகரவே இல்லை.

பிழைத்த பெட்டிதான் இருந்ததிலேயே நோஞ்சான். பறக்க ஆளில்லாமல் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்றி வந்தேன். வெளியே போகாததால் தப்பித்திருந்தது. ராணி இருந்தது. முட்டையும் இருந்தது.

அன்று மாலையே அதை எடுத்துவிட முடிவு செய்தேன். சங்கரன்கோவிலில் என்னோடு படித்த ரூபியா தன் வீட்டு மொட்டைமாடியில் இடம் தருவதாகச் சொன்னாள். அவள் தெருவில் தறிகள் உண்டு, பூ கிடையாது. அங்கே அது ஒரு மாதம் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் மருந்தடிக்கிறவர் காட்டில் எப்படி விட்டுவைப்பது?

ஒரு பக்கம் பிடிக்க அம்மாவைக் கூட்டிப் போனேன். செத்துக் கிடந்தவற்றை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றாள்.

மருந்தடிக்கும் மூக்காண்டி அண்ணன் கிணற்றடியில் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, டிகிரி முடிச்ச புள்ள, ஒரு சாக்க நனைச்சுப் போடவா தெரியல? நான் அடிக்கப்ப பூவெல்லாம் ஈ மொய்ச்சிக் கெடக்கு. நீதான் மூடியிருப்பியே, இது காட்டு ஈ போலன்னு நெனச்சேன்."

"சும்மா இரும்வே" என்றபடி பெருமாள்சாமி மாமா வந்தார். நான் பெட்டி வாசலை மூடியிருப்பதைப் பார்த்தார். "எங்கன தூக்கிட்டுப் போற தாயி? டவுனுல இது எதத் திங்கும், பரோட்டாவையா?"

பெரியவர்களிடம் நான் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். "சொல்லியிருந்தா மூடியிருப்பேன்ல மாமா."

எனக்கே கேட்காத குரல். அவருக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை.

"மறந்துட்டேன் தாயி" என்றார். "வயசாகுதுல்லா. என் தப்புதான்."

"என்ன அண்ணாச்சி, எம்முன்னாலதான நீங்க..." என்று மூக்காண்டி அண்ணன் ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். "பிடிம்மா" என்று சொல்லிவிட்டுத் தூக்கினேன். என் பக்கம் மட்டும் உயர்ந்தது. உள்ளே லேசாக ஒரு முரலல் எழுந்து அடங்கியது.

"கீழ வையி" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"அண்ணாச்சி சொல்லத்தான் செஞ்சாவ. சனிக்கெழம சாயங்காலமே போன் போட்டாவ. மறுநாள் ஒன்னயப் பாக்க வாராவ. நீ பெட்டிய மூடப் போயி, கொட்டு வாங்கி மூஞ்சி வீங்கி வந்து நின்னா என்ன செய்யன்னு... நாந்தான் ஒங்கிட்ட சொல்லல."