வேட்டி கட்டிய படம்

சிவனேஸ்வரி வீட்டுச் சமையலறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வீடு கட்டிய வெள்ளைக்காரன் அயலட்டைக்கு வசதியாகத்தான் கட்டியிருக்கிறான். நான் காதை வைத்துக் கேட்பதில்லை, அதுவாக வருகிறது.

அப்படி வந்ததுதான் ஆரணனின் ஆராய்ச்சிக் கதை. ஆரணன், சிவனேஸ்வரிக்கும் யோகலிங்கத்துக்கும் ஒரே பிள்ளை. வங்கியில் வேலை. கோசிகா என்ற பிள்ளையோடு கலியாணம் நிச்சயமாகி மண்டபமும் பிடித்தாயிற்று. மற்றப் பெடியங்கள் கலியாணத்துக்கு முன் உடம்பைக் குறைப்பார்கள். இவன் பரம்பரையைத் தோண்டினான். தாயின் தகப்பன் ஊரில் இயக்கத்தின் காலாட்படை அணியொன்றில் பொறுப்பாக இருந்து, கடைசிச் சண்டையில் செத்தவர். வீட்டாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வரவேற்பு மேடையில் அம்மப்பாவைப் பற்றிப் பேச வேண்டுமாம், அதற்கு விபரம் வேண்டுமாம். முன்னறையில் தொங்கிய சீருடைப் படத்தை முகநூலில் போட்டு, இவரோடு நின்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டான்.

முதலில் பூவும் கும்பிடு கையும் வந்து குவிந்தன. பிறகு பாரிஸிலிருந்து ஒருவர், 'படத்தை எடுத்துவிடும் தம்பி' என்று மட்டும் எழுதினார். இவன் எடுக்கவில்லை. அந்த மனிதரே ஒருநாள் போன் எடுத்துக் கதைத்தார்.

அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரணனின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, கடைசி மாசங்களிலை வீட்டுக்கு ஒராள் எண்டு கொண்டுபோன பிள்ளையளை அம்மப்பான்ரை அணியிலைதான் விட்டவையாம். ஒரு கிழமைப் பயிற்சிதானாம். கடலேரிப் பக்கத்து மண் அணையிலை நிப்பாட்டினதாம். ஒராளும் திரும்பேல்லை. அங்கையே கிடங்கு வெட்டித் தாட்டவையாம். இடமும் சொன்னவர்."

"ஆர் கொண்டுபோனது?"

"வீடு வீடாப் போனது அம்மப்பாதானாம்."

கேத்தல் கொதித்து அடங்கியது. பிறகு சிவனேஸ்வரி சொன்னாள்: "கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறக்காதை. கோசிகான்ரை தமையனையும் அந்த நேரம்தான் கொண்டுபோனவை."

என் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. கோசிகாவின் தமையன் கதை எங்கள் தெருவுக்கே தெரியும். தகப்பன் பத்மநாதன் ஒவ்வொரு வருஷமும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிள்ளை ஆமியிடம் பிடிபட்டு எங்கேயோ சிறையில் உயிரோடு இருக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. தாய் யசோதினி தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கு ஒரு சேர்ட் வாங்கி வைக்கிறா. பதினேழு வயதில் போன பிள்ளைக்கு இப்போது எந்த அளவில் வாங்குகிறா என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை, என்றால் பாருங்கள்.

பொன்னுருக்கு நாள் வந்தது. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது பாதிக் கலியாணம். பிறகு செத்த வீடு வந்தாலும் நிறுத்தமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் உருக்குவார்கள். பெண்ணைத் தவிர்த்துப் பெண் வீட்டார் வந்து பார்ப்பார்கள். நிறைகுடம், உருக்கப்போகும் பொன் நாணயம் வைத்த தட்டம், பலகாரத் தட்டங்கள், புகை மணி அலறாமலிருக்க அதன் தலையில் குளிக்கிற பிளாஸ்டிக் தொப்பி என்று எல்லாம் ஆயத்தம்.

செத்த மூத்தவர்களின் படத்துக்கு மாலை போடாமல் நல்ல காரியம் தொடங்க முடியாது. சிவனேஸ்வரி கெட்டிக்காரி. சீருடைப் படத்தைக் கழற்றிவிட்டு, கோயில் திருவிழாவில் வேட்டியும் சந்தனமுமாக நின்ற பழைய படத்தை மாட்டியிருந்தாள்.

"இதிலை ஆருக்கும் அடையாளம் தெரியாதக்கா," என்று என் காதுக்குள் சொன்னாள். சுவர் எவ்வளவு மெல்லியது என்று அவளுக்கும் தெரியும். நானும் மெச்சினேன்.

பத்மநாதன் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். சம்பந்தம் பேச வந்த நாளில் சீருடைப் படத்துக்குக் கீழேயே இருந்து வடை சாப்பிட்ட மனிதர், இன்று கதிரையில் இருக்கவில்லை. படத்துக்கு முன்னால் நின்றவர் நின்றபடியே நின்றார். பொன் உருக்க வந்த பத்தர் காஸைத் திறந்து நெருப்பை மூட்டப் போனார்.

"கொஞ்சம் நில்லும் பத்தர். தங்கச்சி, இது ஆர்?"

"என்ரை அப்பா, அண்ணை. கோயில் வேலையெல்லாம் செய்தவர்."

"அண்டைக்குச் சீருடையோடை பாத்தனான், பிடிபடேல்லை. எங்கட வீட்டுக்கு வேட்டியோடைதான் வந்தவர். பிளேன்ரீ குடுத்தனாங்கள். சீனி காணாதெண்டு கேட்டு வாங்கினவர். போகேக்கை மோனைக் கூட்டிக்கொண்டு போனவர்."

யோகலிங்கம் கையில் பயற்றம் பணியாரத் தட்டத்தோடு நடு அறையில் நின்றார். "ஆள் மாறியிருக்கும் அண்ணை. அந்த நேரம் எல்லாரும் ஒரே மாதிரி..."

பத்மநாதன் அவரைப் பார்க்கவேயில்லை. ஆரணனைப் பார்த்தார்.

"தம்பி, நீர் அம்மப்பாவைப் பற்றித் தேடுறீராம் எண்டு மோள் சொன்னவ. என்ன கண்டனீர்?"

ஆரணன் தாயைப் பார்த்தான். தாய் நிறைகுடத்தைப் பார்த்தாள்.

"பெரிசா ஒண்டுமில்லை, மாமா."

பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. இரண்டு காதும் சிவந்துபோயின. எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா?

இனி எழும்பிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். யசோதினியின் தங்கைமார் கைப்பைகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். பத்மநாதன் நேரே நாணயத் தட்டத்துக்குப் போனார். பொன் நாணயத்தை எடுத்துத் தன் கையாலேயே பத்தரின் குகைக் கிண்ணத்துக்குள் போட்டார்.

"உருக்கும்."

சிவனேஸ்வரி அழுதேவிட்டாள். "உங்களுக்குப் பெரிய மனசண்ணை."

"மனசில்லைத் தங்கச்சி. இண்டைக்கு நான் எழும்பிப் போனால் இந்தத் தம்பி ஆரோ, நான் ஆரோ. றோட்டிலை கண்டாலும் மற்றப் பக்கத்தாலை போயிடுவார். உருக்கினால் என்ரை மருமோன். ஞாயிற்றுக்கிழமையிலை எங்கட மேசையிலை இருந்து சாப்பிடுவார். மாமி பக்கத்திலை நிண்டு கறி போடுவா. நான் ஒவ்வொரு கிழமையும் கேப்பன், என்ன கண்டனீர் எண்டு."

காஸ் சீறியது. நாணயம் கறுத்து, சிவந்து, இளகி ஒரு துளியாக உருண்டது. நடந்தது விளங்காத யாரோ பின்னாலிருந்து கை தட்டினார்கள். பத்மநாதன் ஆரணனின் தோளில் கையை வைத்தார். கூட்டம் பலகாரத்துக்கு நகர்ந்த பிறகும் எடுக்கவில்லை.