தேற்றிய தண்ணீர்

நேமத்தான்பட்டியில் சோலையம்மாள் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு பேர் உண்டு. கோடையில் ஊர்க்கிணறு செம்மண் கலங்கலாகத்தான் ஊறும். அவள் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, அந்தக் கலங்கலை ஊற்றி மூடிவைப்பாள். மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாய் நிற்கும். கேட்டவருக்கு முகம் சுளிக்காமல் கொடுப்பாள். தெய்வத்துக்குச் செய்வதாகவே அதை நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி கண்டது. சர்க்கார் ஆளாக மாயக்கண்ணன் வந்து கிணற்றில் மருந்தைக் கொட்டினான். தண்ணீர் சிவந்துபோயிற்று.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் நாகவல்லி செம்பை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னாத்தா இது? கண்ணேறு கழிச்சுத் தெருவுல ஊத்துற ஆலத்தித் தண்ணியை யாராச்சும் குடிப்பாகளா?"

"மருந்து தாயி. கண்ணை மூடிக்கிட்டு குடிச்சிரு."

"நீ குடிச்சியா?"

சோலையம்மாளும் குடித்திருக்கவில்லை.

அன்று பகல் முழுக்க மகள் தண்ணீரைத் தொடவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது. பெற்ற மனம் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? கொட்டையை எடுத்து வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தாள். சாயங்காலம் திறந்து பார்த்தால் சிவப்பு போன இடம் தெரியவில்லை. அடியில் பழுப்பாய் வண்டல் படிந்திருந்தது.

"பாத்தியா, எம்புட்டுக் கசடு!"

"இதுதான் தண்ணி!" என்று நாகவல்லி மூச்சுவிடாமல் குடித்தாள்.

அந்த வாரமே அவளுக்கு வயிற்றால் போயிற்று. காலையில் கண்டது, பொழுது சாய்வதற்குள் முடிந்தது. வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று.

வீட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவ வந்த மாயக்கண்ணன் பானையை எட்டிப் பார்த்தான்.

"அடியில என்னக்கா பழுப்பா?"

"உன் மருந்துக் கசடுதான். தேத்தி எடுத்தேன்."

அவன் பானையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எதுக்குப்பா முழிக்கிற? சொல்லு" என்று அவள்தான் விடாமல் கேட்டாள்.

"நோயைக் கொல்ற மருந்தையில்ல தேத்தி எடுத்துட்டீக. தெளிஞ்சா மண்ணுதாங்க்கா போகும். நோவு கண்ணுக்குத் தெரியாது." பிறகு, "சிவப்புத் தண்ணி குடிச்சவுகளும் செத்திருக்காகக்கா" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொய்யோ மெய்யோ, அந்த இரக்கத்துக்காகவே ஆண்டவன் அவனை நன்றாக வைக்கட்டும்.

மறுநாள் அடுத்த வீட்டுப் பொன்னழகு குடத்தோடு வந்து நின்றாள்.

"சாவு வீட்டுல கேக்கக் கூடாதுதான். புள்ளை நாக்கு வறண்டு கெடக்குக்கா. தேத்துன தண்ணி கொஞ்சம்."

சோலையம்மாள் கிணற்றுச் சிவப்புத் தண்ணீரையே அந்தக் குடத்தில் ஊற்றினாள். "இதைக் குடு."

"எம் புள்ளை மேல என்னக்கா கோவம் ஒங்களுக்கு?"

"நான் தேத்துனதைக் குடிச்சுத்தான்டி எம் மக போனா."

பொன்னழகு அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "மக போன துக்கத்துல என்னமோ பேசுறீக. ஊருக்கெல்லாம் குடுத்த கை, இன்னைக்கு எனக்குன்னு வரயில மடங்குது. இருக்கட்டும். எனக்கும் தேய்க்கத் தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீக." குடத்துத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுப் போனாள்.

சாவுத் தீட்டுக் கழியாதவள் அடுத்த வீட்டுப் படி ஏறக் கூடாது. சோலையம்மாள் சிவப்புத் தண்ணீரை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

"பாரு, நானே குடிக்கிறேன்!" என்று பாதியைக் குடித்தாள். "மீதியைப் புள்ளைக்குக் குடு. ஒன் காலைப் புடிக்கிறேன்டி."

"தீட்டோட வந்து எங்க குடியைக் கெடுக்காதீக!"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பானையில் கொட்டை உரசும் சத்தம் கேட்டது. சோலையம்மாள் கத்தினாள். கதவைத் தட்டினாள். உரசல் நிற்கவில்லை.

கை ஓய்ந்ததும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீதித் தண்ணீரில் தூசி விழாமல் முந்தானையால் மூடி, செம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.