பத்து மணிக்கே சோத்து மணி

எங்க பள்ளிக்கூடத்துல பாட மணி அடிச்சா ஒம்பது பிள்ளை வரும். சோத்து மணி அடிச்சா நாப்பத்தேழு வரும். ரெண்டும் ஒரே தண்டவாளத் துண்டுதான். சோத்துக்குன்னா விடாம அடிக்கணும், அவ்வளவுதான். நானும் பத்து வருஷமா தொண்டை கிழியக் கத்துதேன், அந்த இரும்புக்கு இருக்க மரியாதை எனக்கு இல்லை.

மேலகரத்துக்குத் தெக்க, வயக்காட்டு நடுவுல ஓலைக்கொட்டகை. ஹெட்மாஸ்டர் காந்திமதிநாதன் சாரும் நானும் ரெண்டே வாத்தியார்கள். சர்க்கார் கிராண்டு தலைக்கணக்குக்குத்தான். டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து எண்ணுத அன்னைக்கு நாப்பது தலை இல்லைன்னா ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் நின்னுபோகும். அறுபத்தோராம் வருஷம் நிலைமை அதுதான். அப்படி நின்னா வீட்டுக்குப் போக வேண்டியது வேலையில இளையவளான இந்தச் சந்தனமாரி. எங்க வீட்டுக்காரரோ ரைஸ் மில்லுல கையைக் குடுத்துட்டு வீட்டுல உக்காந்திருக்காரு. என் சம்பளம் நின்னா எங்க வீட்டு அடுப்பும் நின்னுரும்.

டிப்டிக்கு வருஷத்துல பன்னெண்டு மாசம் இருக்கு. ஆனா குத்தாலத்துல சாரல் விழுந்தாத்தான் எங்க பள்ளிக்கூடம் அவருக்கு ஞாபகம் வரும். சாரல் விழுந்தா இங்கன நடவு. பிள்ளைகள் பூராவும் நாத்துக்கட்டு சுமக்கப் போயிரும். அவுக அருவியில குளிக்கதுக்கு நாங்க ஆள் பிடிக்கணும், என்ன அநியாயம்!

அந்தச் சாரலுக்கும் ஒருநாள் காலையில பத்து மணிக்கு வருதேன்னு கார்டு போட்டிருந்தாரு. நான் மத்தியானச் சோறு ஆக்குத உலகம்மையைப் பிடிச்சேன். "ஏட்டி, இன்னைக்கு மட்டும் பத்து மணிக்கே ஆக்கி இறக்கிரு. மணியை நான் அடிக்கேன்."

"டீச்சர், வம்பாயிராதுல்லா?"

"ஆனா ஆவுது, போ!"

பத்துக்கு அடிச்சேன். வரப்பெல்லாம் பிள்ளைகளா ஓடி வந்துது. நாப்பத்தேழு. தின்னுச்சு, தட்டைக் கழுவிச்சு, பாடத்துக்கு வருத ஒம்பது போக மிச்சமெல்லாம் திரும்ப வயலுக்குப் போயிட்டு. டிப்டியை மட்டும் காணோம்.

பதினொண்ணே முக்காலுக்கு வந்து இறங்குதாரு. தலையில எண்ணெய் இன்னும் வழியுது, தோள்ல ஈரத்துண்டு. உக்காந்ததும் விசிட் புக்கை இழுத்து, 'காலை பத்து மணிக்கு வந்து பார்வையிட்டேன்' என்று மையால அழுத்தி எழுதினாரு. அப்புறம் தலையைத் தூக்கி, "பிள்ளைங்க எங்கே?" என்றார். ஒம்பது பிள்ளைதான் பெஞ்சுல தூங்கிட்டுக் கிடக்கு.

நான் வெளியே ஓடி மறுபடியும் அடிச்சேன், கை விட்டுப்போகுத மாதிரி. ரெண்டாம் சோறுன்னு நினைச்சு அத்தனையும் சேத்துக்காலோட வந்து வரிசையில உக்காந்துட்டு. டிப்டி எண்ணினாரு. நாப்பத்தேழு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துது.

போகுத மனுசன் சும்மா போகலாம்லா? "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுத் தொலைச்சாரு.

"இல்லே சார்!"

வாய்ப்பாட்டைக்கூட இப்படி ஒரே குரல்ல சொன்னது கிடையாது, பாவிப்பிள்ளைகள். டிப்டி பானையை எட்டிப் பாத்தாரு. காலி. அரிசி ரிஜிஸ்டரைப் பாத்தாரு. இன்னைக்கு அரிசி அளந்தாச்சுன்னு இருக்கு. உலகம்மை பக்கம் திரும்பி, "பச்சைப்பிள்ளைங்க அரிசியைத் திருடித் திங்கியா? போலீஸ்ல சொல்லணுமா?" என்றார். அவ அகப்பையைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. ஒரு வார்த்தை என்னைக் காட்டிக் குடுக்கலை.

எனக்குப் பொறுக்கலை. வேலை போனாப் போகட்டும் சவம்! "சார், அவ திருடலை. நாந்தான் பத்து மணிக்கே சோறு போடச் சொன்னேன். நீங்க எண்ணுததுக்குத்தான். எல்லாம் தின்னாச்சு. ஆனா பத்து மணிக்கு நீங்க எங்க சார் இருந்திய?"

டிப்டி காது வரைக்கும் சிவந்து, பேனாவைத் திறந்தாரு. விசிட் புக்கைப் பாத்தாரு. தான் எழுதின முதல் வரியையே ரொம்ப நேரம் பாத்தாரு. பத்து மணிக்குச் சோறு போட்டது குத்தம்னு எழுதினா, பத்து மணிக்கே வந்தேன்னு எழுதின அவருதான் அதைப் பாத்துக்கிட்டு இருந்த சாட்சி ஆகணும். ஈரத்துண்டை மடியில மறைச்சுக்கிட்டு எழுதினாரு: 'பத்து மணிக்கு என் முன்னிலையில் நாற்பத்தேழு பிள்ளைகள் உணவருந்தினர். இரண்டு ஆசிரியர்களும் அவசியம்.'

வண்டி மறைஞ்சதும் நானும் உலகம்மையும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். பானையில ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு பிள்ளைகள் வைதுக்கிட்டே வயலுக்குப் போச்சு.

கால்மணி நேரத்துல நாலாங்கிளாஸ் வள்ளித்தாய் மட்டும் திரும்பி வந்து பெஞ்சுல உக்காந்தா. முழங்கால் வரைக்கும் சேறு.

"என்னட்டி, சோறு இல்லைன்னு சொன்னேம்லா?"

"சோத்துக்கு வரலை டீச்சர். ரெண்டு தரம் வேலையைப் போட்டுட்டு ஓடுனதுக்கு வயக்காரர் போகச் சொல்லிட்டாரு. இன்னைக்குக் கூலி கிடையாதாம், நாளைக்கும் வர வேண்டாமாம்." சிலேட்டைத் தேடி எடுத்தா. "உங்க வேலையாவது இருக்கா டீச்சர்?"

"இருக்குட்டி" என்றேன். வெக்கத்துல அவ மொகத்தை என்னால பாக்க முடியலை. அவ சிலேட்டைத் துடைச்சுட்டு, பாடம் சொல்லுங்கன்னு காத்துக்கிட்டு இருந்தா.