கருட சேவையும் அட்டை மருந்தும்

மாணிக்கவேலுக்குச் சும்மா படுத்திருக்கத் தெரியாது. காஞ்சிபுரம் பக்கத்தில் தாமலில் லோடு வண்டி ஓட்டுகிறவன். வைகாசி பிறந்தால் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளைச் சுமக்கத் தோள் கொடுக்கிறவன். இந்த வருஷம் விடியுமுன்னே கருட சேவைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே விழுந்தான்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பொன்னி முதலில் சொன்னதே, போன வருஷம் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டு அவன் இரத்தத் தட்டணுக்கள் சரிந்து, உயிர் போய் வந்த கதையைத்தான். நல்லவேளை, சொன்னாள். டாக்டர் வேறு மருந்தை எடுத்தார். அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு சரக்கு இருக்கிறது, அதைப் பார்த்து ஆலையில் செய்தது இது, இதில் அட்டை எதுவும் கிடையாது என்றார். ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவள் பொன்னி. அட்டையை உதறிய பிறகும் காலில் இரத்தம் நிற்காமல் வழிவதை அவளுக்கா சொல்லித்தர வேண்டும்!

தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தாயிற்று. மருந்தின் வேகம் இறங்கும்வரை அந்தக் குழாய் தொடையிலேயே இருக்கும், காலை மடக்கவே கூடாது என்று நர்ஸ் மேரி இருவரிடமும் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள்.

அப்போது தெருவில் நாதஸ்வரம் கேட்டது. மாணிக்கவேலின் கால்கள் சன்னலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. சன்னலுக்குக் கீழேதான் தெரு. சாமி வரும்போது நேரெதிரே காலை நீட்டுவதாவது! அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சாமி வருது பொன்னி. காலக் கொஞ்சம் மடக்கி வுடு."

விவரமான பொம்பளைதான். ஆனால் அந்த நேரத்தில் புத்தி எங்கே மேயப் போயிற்றோ, அவளே முட்டியைப் பிடித்து மடக்கிவிட்டாள். குழாய் பிதுங்கி வெளியே வந்தது. படுக்கை விரிப்பு சிவந்தது.

மேரி ஓடிவந்து காலை நீட்டிவிட்டு, இரண்டு கையாலும் தொடையை அழுத்தினாள். இரத்தம் நிற்க ஊசி போடச் சொல்லிப் பொன்னி கெஞ்சினாள்.

"இந்த மருந்த முறிக்க வேற மருந்து கிடையாதும்மா. தானா இறங்கணும். அதுவரிக்கும் அழுத்திக்கினே இருக்கணும். வுட்டா ஆளு போயிடுவாரு."

அவன் நாடி தளர்ந்தது. குளுக்கோஸை வேகமாக ஏற்ற வேண்டும், டாக்டரையும் கூப்பிட வேண்டும். மேரி பொன்னியின் கைகளை இழுத்துத் தன் கை இருந்த இடத்தில் வைத்தாள். பொன்னி உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினாள். செய்தது தன் கைதானே. விரலிடுக்கில் இன்னும் கசிந்தது.

"கோவிந்தா" சத்தம் சன்னலுக்கடியில் எழுந்தது. வார்டில் நடமாட முடிந்தவர்கள் எல்லாம் சன்னலுக்கு ஓடினார்கள். அரை மயக்கத்திலும் மாணிக்கவேல் மறுபடி காலை இழுத்தான். இரத்தம் குபுக்கென்று வந்தது.

"கால நீட்டுய்யா," என்றாள் பொன்னி. "அந்தப் பாவம் எனக்கு வரட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு, கருடன்மேல் சாமி கடந்துபோகும்போது, அவருக்கு நேராகக் காலை நீட்டினான். கண்ணோரம் நீர் வழிந்தது. பொன்னி சன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை. கைக்கடியில் கசிவு மெல்ல மெல்ல அடங்கியது.

டாக்டர் வந்து பார்த்து, நின்றுவிட்டது, கையை எடுக்கலாம் என்றார். அவள் எடுக்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் எடுத்தாள்.