கொசுவத்து ஊக்கு

ஜப்பானில் அரசாங்கம் கட்டிய விருந்தினர் மாளிகை ஒன்றில், சரியாகப் பொருந்திவிட்டவர்களை வெளியே விடுவதில்லை. அந்த வீடு முழுக்க ஒரு ஆணி கிடையாது. மரத்துக்குள் மரம் செருகி, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற வீடு. அதனால் பொருந்துகிற எதையும் அது விட்டுக்கொடுக்காது. மற்றபடி, பெரிய மனிதர்கள் தங்காத நாட்களில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

கோவில்பட்டி செண்பகவல்லி கைக்குழந்தை இசக்கியோடு பார்க்கப் போனாள். அவள் புருசன் சுடலைமணிக்கு அந்த ஊரில் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் வேலை. அடுத்த வாரம் ஊரில் குழந்தைக்குக் காது குத்து. அதற்குப் புறப்படுமுன் ஒரு இடமாவது பார்க்கட்டும் என்று அவன்தான் கூட்டி வந்திருந்தான்.

வாசலில் செருப்பையும் ஊக்குகளையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள். ஆணி இல்லாத வீட்டுக்குள் ஊக்கு போகக் கூடாது. செண்பகவல்லி தாலிச் செயினில் கோத்திருந்ததை எல்லாம் கழற்றித் தட்டில் போட்டாள். தோளில் குத்தியிருந்ததையும் எடுத்தாள். கொசுவத்து ஊக்கு மட்டும் பாக்கி. இத்தனை ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் இடுப்பில் எப்படிக் கை வைப்பது? அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுற்றிக்காட்ட மோரிதா என்கிற அம்மா வந்தார். விருந்தாளிகளுக்காகவே கட்டின வீடு என்பதால், அங்கே யார் பேசினாலும் வந்தவர்களின் ஊர்ப் பேச்சாகத்தான் காதில் விழும்.

"வாங்க தாயி. இந்த மேசையப் பாருங்க, அரக்குப் பூசினது. மூஞ்சி பாத்துப் பொட்டு வச்சிக்கிடலாம்."

செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். பொட்டு நேராகத்தான் இருந்தது.

அடுத்த அறையில் சன்னலோரம் ஒரு வெள்ளைக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன வருசம் பார்க்க வந்தவர். முதுகும் சன்னல் சட்டமும் பொருந்திப்போனதால் இங்கேயே இருக்கிறார். இவர்களைக் கண்டதும் கும்பிட்டார்.

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் போடுதாங்க," என்றார்.

சுடலைமணிக்கு ஆசை வந்து, அவனும் மூலைக்கு மூலை சாய்ந்து பார்த்தான்.

"உங்களுக்கு எங்கயும் ஒட்டல தம்பி. நடந்து வாங்க," என்றார் மோரிதா அம்மா.

கடைசியில் ஒரு பெரிய அறை. செண்பகவல்லி தூணுக்குப் பக்கத்தில் நின்று, சிணுங்கிய குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இசக்கி இரண்டு காலாலும் இடுப்பை வளைத்துக்கொண்டு தோளில் தலை சாய்த்தது. மேலே உத்தரத்தில் லேசாக ஒரு முனகல் கேட்டது. வீடு பார்த்துவிட்டது.

மோரிதா அம்மா தச்சர்கள் தட்டுகிற மரக் கொட்டாப்புளி ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு பேரையும் பட்டும் படாமலும் தட்டிக் காது வைத்துக் கேட்டார். இடுப்புக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். தாள் போகவில்லை.

"இந்த வீட்டுலயே இப்படி ஒரு பொருத்து கிடையாது. ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிடுங்க தாயி."

"அப்ப நானு?" என்றான் சுடலைமணி.

"நீங்கதான் பொருந்தலயே."

"நான் தாலி கட்டினவன்மா!"

"கட்டுறது வேற, பொருந்துறது வேறல்லா?"

"அதுவும் சரிதான்," என்றார் அடுத்த அறையிலிருந்து வெள்ளைக்காரர்.

செண்பகவல்லி குழந்தையின் காதைத் தடவிப் பார்த்தாள். இங்கேயே இருந்துவிட்டால் இசக்கி தாய்மாமன் மடியில் உட்காருவது எப்போது? அண்ணன் அங்கே கம்மல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். புருசனைப் பார்த்தாள். அவன்தான் கேட்டான், விடுவதற்கு வழியே கிடையாதா என்று.

"நடுவுல ஆணியோ ஊக்கோ இருந்தா விட்டுருவோம். அது பொருத்து இல்ல, சும்மா குத்தி வச்சது," என்றார் மோரிதா அம்மா.

செண்பகவல்லிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்லவே கூசினவள். புருசன் காதில் குசுகுசுத்தாள்.

"அவ என்ன சொல்றான்னா..." என்று அவன் ஆரம்பித்தான்.

"அவங்க வாயால சொல்லணும் தம்பி. வீடு கேக்கணும்ல."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சன்னலுக்கு வெளியே குளத்து மீன்கள்கூடக் கரைக்கு வந்து நின்றன. செண்பகவல்லி தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துச் சொன்னாள். "கொசுவத்துல ஒரு ஊக்கு இருக்கு."

"உத்தரத்துக்குக் கேக்கல தாயி."

"கொசுவத்துல ஊக்கு இருக்கு!" என்றாள். வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர் வரைக்கும் கேட்டது.

ஆம்பளைகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். இசக்கி தானாகவே இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது. மோரிதா அம்மா ஊக்கை வெளிச்சத்தில் பிடித்துத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"இதக் குத்திட்டா ஒண்ண ஒண்ணு பிடிச்சிக்கிட்டே நிக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா. கைய விட்டுட்டு வேற சோலி பாக்கலாம்."

உத்தரம் மறுபடியும் முனகியது. மோரிதா அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

"இத இங்கன விட்டுட்டுப் போறீங்களா தாயி?"

செண்பகவல்லி சரி என்றாள். கூரையின் ஓரத்தைக் கொசுவம் மாதிரி மடித்து, அவளே ஊக்கைக் குத்திக் கொடுத்தாள். கூரை தானாகவே நின்றது.

வாசலுக்கு வந்ததும் தட்டிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, அத்தனை பேர் நடுவிலும் கொசுவத்தில் குத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் கூட்டம். வெள்ளைக்காரர் படியில் நின்றுகொண்டிருந்தார். சீட்டு முழுக்க அந்த வீட்டுத் தூண்கள் உட்கார்ந்திருந்தன. கைக்குழந்தையோடு செண்பகவல்லி ஏறினதைப் பார்த்து, சன்னலோரத் தூண் எழுந்துகொண்டது.

"நீங்க உக்காருங்க தாயி. எனக்கு நின்னே பழக்கம்."

அவள் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். தூண் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது.